22 பேரும் கோல் அடிச்ச ராத்திரி

2024 பிப்ரவரி 8, டாக்கா கமலாப்பூர் ஸ்டேடியம், சாஃப் 19 வயசுக்குட்பட்ட பெண்கள் ஃபுட்பால் ஃபைனல், இந்தியா பங்களாதேஷ். இந்த மேட்ச்ச பத்தி யார்கிட்ட பேச்சு எடுத்தாலும் "அந்த டாஸ் போட்ட மேட்ச் தானே"ன்னு கேக்குறாங்க. ஆமா அதேதான், ஜெயிச்சது யாருன்னு காசு சுண்டி முடிவு பண்ண பாத்த மேட்ச். ஆனா டாஸுக்கு முன்னாடி அந்த பொண்ணுங்க என்ன ஆடினாங்கன்னு ஒருத்தரும் பேசல, எல்லா நியூஸ்லயும் காசு தான் ஹெட்லைன். எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் மனசுக்கு ஒப்பல, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல சாஃப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. தெற்காசிய கால்பந்து கூட்டமைப்பு, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான்னு ஏழு நாடு. பெரியவங்களுக்கு ஒரு கோப்பை இருக்கு, சின்ன பசங்களுக்கு பொண்ணுங்களுக்குன்னு தனித்தனியா இருக்கு. பொண்ணுங்க பக்கம் பாத்தீங்கன்னா ஒரு வருஷம் 15 வயசுக்குட்பட்டவங்கன்னு நடத்துவாங்க, அப்புறம் அதே போட்டி 16ம்பாங்க, 17ம்பாங்க, இன்னொன்னு 18, 19, 20ன்னு மாறிக்கிட்டே இருக்கும். பேர் மாறினாலும் கடைசில ரொம்ப தடவை எதிரெதிர்ல நிக்கிறது இந்தியாவும் பங்களாதேஷும் தான். 2017ல டாக்கால பங்களாதேஷ் 1-0, 2018ல திம்பூல இந்தியா 1-0, 2019ல அதே திம்பூல கோலே இல்லாம போயி பெனால்டில இந்தியா, 2021ல மறுபடி டாக்கால பங்களாதேஷ் 1-0. 2022ல ஜம்ஷெட்பூர்ல ஃபைனலே கிடையாது, லீக் மட்டும்தான், கடைசி மேட்ச்ல பங்களாதேஷ்கிட்ட தோத்தும் கோல் வித்தியாசத்துல கோப்பை இந்தியாவுக்கு வந்துச்சு. ரெண்டு டீமுக்கும் நடுவுல எப்பவுமே நூல் அளவு வித்தியாசம் தான். இந்த கணக்கு தெரிஞ்சாதான் 2024ல நடந்தது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

2024ல நாலு டீம். இந்தியா பூட்டான 10-0ன்னு அடிச்சாங்க, நேபாளத்த 4-0. நடுவுல பங்களாதேஷ்கிட்ட 0-1 தோத்தாங்க, கோல் அடிச்சது சாகரிகா. இந்த பேர ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப திரும்ப வரும். டாகுர்காவ் மாவட்டத்து பொண்ணு, வீட்ல டீக்கடை, பொண்ணு ஃபுட்பால் ஆடுறதுல அப்பாவுக்கு ஆரம்பத்துல சுத்தமா இஷ்டம் இல்ல, ஊர் என்ன சொல்லுமோன்னு பயம். அந்த பயம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பயம் தான்.

ஃபைனல் ஆரம்பிச்சு 8வது நிமிஷமே சிபானி தேவி அடிச்சு இந்தியா 1-0. அதுக்கப்புறம் பங்களாதேஷ் வந்துக்கிட்டே இருக்காங்க, கோல் விழல. லோக்கல் கூட்டம் முழுக்க கத்திக்கிட்டே இருக்கு, நேரம் போய்க்கிட்டே இருக்கு, 90 நிமிஷமும் முடிஞ்சிருச்சு, ஸ்டாப்பேஜ் டைம். நான் இந்தியா ஜெயிச்சாச்சுன்னே நெனச்சு உக்காந்திருந்தேன். 93வது நிமிஷம் சாகரிகா. 1-1. ஸ்டேடியம் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், யூட்யூப் லைவ்ல கமெண்ட்ரி பேசுறவங்க குரலே கேக்கல.

நேரா பெனால்டி.

இங்க தான் கொஞ்சம் நின்னு சொல்லணும். பெனால்டி ஷூட்அவுட்ல ஒருத்தர் நடுவட்டத்துல இருந்து பெனால்டி புள்ளி வரைக்கும் தனியா நடந்து வரணும், கிட்டத்தட்ட 40 மீட்டர். மேட்ச்ல எப்பவும் பத்து பேர் கூட இருப்பாங்க, இங்க யாரும் கிடையாது, பந்தும் கீப்பரும் மட்டும்தான். பெரிய பெரிய ஆளுங்களே, உலகக் கோப்பை ஆடினவங்களே இந்த நடையில கால் நடுங்கி பந்த மேல தூக்கி அடிச்சிருக்காங்க. முதல் அஞ்சு பேர் வழக்கமா நல்லா அடிக்கிறவங்களா பாத்து போடுவாங்க. அஞ்சு அஞ்சும் உள்ள போனா சடன் டெத், ஒருத்தர் விட்டா கதை முடிஞ்சது. ஆறாவது, ஏழாவது ஆள்னு போகப் போக பெனால்டி அடிச்சு பழக்கமே இல்லாதவங்க வருவாங்க, டிஃபெண்டர்ஸ், நடுவுல மாத்து ஆளா உள்ள வந்தவங்க. கடைசில கீப்பருங்களே வந்து ஒருத்தருக்கு ஒருத்தர் அடிச்சுக்கணும்.

அன்னைக்கு அந்த பதினோரு பேரும் அடிச்சாங்க. ரெண்டு பக்கமும். கீப்பருங்க உட்பட. 11-11. ஒருத்தி கூட வெளிய அடிக்கல, ஒரு கீப்பரால கூட ஒண்ண தடுக்க முடியல, 22 பெனால்டி, 22 கோல். ஸ்கூல் படிக்கிற வயசு, காலேஜ் ஆரம்பிக்கிற வயசு பொண்ணுங்க, ஒரு டீம பாத்து லோக்கல் கூட்டம் ஊளையிட, இன்னொரு டீமுக்கு அதே கூட்டத்தோட எதிர்பார்ப்பே பாரமா இருக்க, ஒருத்தி விட்டா அவ பேர் தான் வாழ்க்கை முழுக்க சொல்லுவாங்கன்னு தெரிஞ்சும் வந்து வந்து அடிச்சிட்டு போறாங்க. நான் பாத்த ஷூட்அவுட்லயே இதுதான் எனக்கு உசத்தி, ஆம்பளைங்க மேட்ச் பொம்பளைங்க மேட்ச்னு எல்லாத்தையும் சேத்துதான் சொல்றேன்.

11-11 ஆனா அடுத்து என்ன பண்ணணும்? விதி ரொம்ப தெளிவா இருக்கு. கால்பந்து சட்டம் 10ல இருக்கு, எல்லாரும் ஒரு தடவை அடிச்சு முடிச்சும் சமமா இருந்தா மறுபடியும் அடிக்கணும், ரெண்டாவது சுத்துல ஆள் வரிசைய மாத்திக்கலாம், அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் விடுற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கணும். அந்த சட்டத்துல காசுக்கு ரெண்டே வேலை தான், எந்தப் பக்க கோல்ல அடிக்கிறதுன்னு முடிவு பண்ண ஒண்ணு, யார் முதல்ல அடிக்கிறதுன்னு முடிவு பண்ண ஒண்ணு. ஜெயிச்சது யாருன்னு காசு சொன்ன காலம் ஒண்ணு இருந்துச்சு, 1968 யூரோ செமிஃபைனல்ல இத்தாலியும் சோவியத் யூனியனும் கோலே இல்லாம முடிச்சு டாஸ்ல தான் இத்தாலி ஃபைனல் போனாங்க. அந்த அநியாயம் வேணாம்னு தான் 1970ல பெனால்டி முறையையே கொண்டு வந்தாங்க. அதுக்கு அப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கமலாப்பூர்ல ரெஃப்ரி அடுத்த சுத்துக்கு ரெடி ஆகுறாங்க. அப்போ மேட்ச் கமிஷனர், அதாவது மேட்ச்ச மேற்பார்வை பாக்குற ஆபீசர், குறுக்க வந்து ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டு டாஸ் போட சொல்லிட்டாரு. காசு விழுந்துச்சு, இந்தியா பக்கம். இந்திய பொண்ணுங்க துள்ளி குதிச்சு ஓடுறாங்க, ஜெயிச்சாச்சுன்னு தானே சொன்னாங்க, அவங்க கொண்டாடத்தான் செய்வாங்க. பங்களாதேஷ் கேப்டன் அஃபெய்தாவுக்கும் மத்தவங்களுக்கும் என்ன நடக்குதுன்னே புரியல. டாஸ் எதுக்குன்னே அவங்களுக்கு தெளிவா சொல்லலன்னு அவங்க தரப்புல சொன்னாங்க. கிரவுண்ட விட்டு போக மாட்டோம்னு நின்னுட்டாங்க.

அப்புறம் தான் கமிஷனருக்கே தப்பு புரிஞ்சுது, டாஸ் செல்லாது, பெனால்டி தொடரணும்னு மாத்தி சொன்னாங்க. இப்போ இந்தியா வர மாட்டேன்னுட்டாங்க. கூட்டம் பாட்டில் எல்லாம் எடுத்து உள்ள எறிய ஆரம்பிச்சிருச்சு. இந்தியா வருவாங்களான்னு காத்திருந்தாங்க, வரல. ராத்திரி நேரம் ஓடி, ஆபீசருங்க அங்க இங்க பேசி, கடைசில ரெண்டு பேரும் சேர்ந்து சாம்பியன்னு அறிவிச்சாங்க.

இதுல நான் ரெண்டு விஷயம் நேரடியா சொல்லிடுறேன். ஒண்ணு, தப்பு முழுக்க பெரியவங்க தப்பு. ஒரு நாட்டு அணியோட ஃபைனல நடத்த வர்றவங்க சட்டப் புத்தகத்துல அந்த ஒரு பக்கத்த படிச்சிட்டு வந்திருக்கணும். ஆம்பளைங்க சீனியர் ஃபைனலா இருந்தா இப்படி நடந்திருக்குமா? அங்க ஒவ்வொரு விதிக்கும் நாலு பேர் ஃபோனோட நிப்பாங்க. சின்ன பொண்ணுங்க மேட்ச் தானேன்னு ஒரு அசட்டை எங்கயோ இருக்கு, அது அன்னைக்கு எல்லாரும் பாக்க வெளிய வந்துருச்சு.

ரெண்டாவது, இது எங்காளுங்க சில பேருக்கு பிடிக்காது, பரவால்ல. இந்தியா திரும்பி வந்து அடிச்சிருக்கணும். கோபம் நியாயம் தான். ஆபீசர் சொல்லி டாஸ் போட்டு, ஜெயிச்சதா சொல்லி, கொண்டாடி முடிச்ச பிறகு திரும்ப வான்னா யாருக்கு தான் கடுப்பாகாது, அதுவும் பாட்டில் பறக்குற கிரவுண்டுல பொண்ணுங்கள நிக்க வைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. அந்த பாதுகாப்பு விஷயத்த நான் சின்னதா நினைக்கல. ஆனா பதினோரு பெனால்டி அப்படி அடிச்ச டீமுக்கு பன்னெண்டாவது அடிக்க முடியாதா? கண்டிப்பா முடியும். கூட்டத்த அமைதிப்படுத்தி, தேவைப்பட்டா வெளிய அனுப்பிட்டு, மணி எத்தனை ஆனாலும் ஆடி முடிச்சிருக்கலாம். அந்த பொண்ணுங்களுக்கு காசு ஜெயிச்சு கொடுத்த கோப்பைய விட, பாதி கோப்பைய விட, அடிச்சு தோத்திருந்தா கூட அது மேல். முடிவெடுத்தது அவங்க இல்ல, அதனால அவங்க மேல எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

இந்த மேட்ச்சுக்கு ஏன் இவ்வளவு துடிக்கிறேன்னு கேப்பீங்க. இந்த சின்ன வயசு போட்டிங்க இந்தப் பொண்ணுங்களுக்கு எங்க இருந்து எங்க போறதுக்கு வழின்னு கொஞ்சம் பாத்தா உங்களுக்கும் புரியும். பங்களாதேஷ் மய்மன்சிங் மாவட்டத்துல மேகாலயா பார்டர் ஓரமா கால்சிந்தூர்னு ஒரு கிராமம். அங்க இருக்கிற கவர்மெண்ட் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவங்க தான் மரியா மாண்டா, சஞ்சிதா, தஹூரா, ஷம்சுன்னஹார் எல்லாம். ஆரம்பப் பள்ளி பொண்ணுங்களுக்குன்னு நாடு முழுக்க ஒரு கோப்பை ஆரம்பிச்சாங்க, இந்த ஊர் பொண்ணுங்க வெறுங்கால்ல ஆடி பழகி அதுல தேசிய சாம்பியன் ஆனாங்க. அங்கிருந்து 14 வயசுக்குட்பட்ட ஆசிய வட்டாரப் போட்டி, 2015 ஏப்ரல், காத்மாண்டு. ஃபைனல் நடக்க வேண்டிய நாள் ஏப்ரல் 25. அன்னைக்கு மத்தியானத்துக்கு கொஞ்சம் முன்னாடி தான் நேபாளத்துல அந்த பெரிய நிலநடுக்கம். பதிமூணு பதினாலு வயசு பொண்ணுங்க, வீட்ட விட்டு இன்னொரு நாட்டுல, கட்டிடம் எல்லாம் சரிஞ்சு கிடக்கிற ஊர்ல. ஃபைனல் நிறுத்திட்டாங்க, டிசம்பர்ல அதே காத்மாண்டுக்கு திரும்ப போய் நேபாளத்த 1-0 ஜெயிச்சு கோப்பைய எடுத்துட்டு வந்தாங்க. கால்சிந்தூருக்கு கரண்ட் வந்தது இந்த பொண்ணுங்க ஜெயிச்சு பேர் வாங்கின பிறகு தான். அடுத்த வருஷம் தஜிகிஸ்தான்ல மறுபடியும் சாம்பியன், ஃபைனல்ல தோத்தது நாம தான்.

நம்ம பக்கமும் இதே கதை இருக்கு. 2022ல இந்தியால 17 வயசுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை நடந்தப்போ கேப்டன் அஸ்தம் ஓராவ்ன், ஜார்கண்ட் கும்லா மாவட்டம். அந்தப் பொண்ணு கேப்டன் ஆனதும் ஊருக்கு ரோடு போட ஆரம்பிச்சாங்க, அந்த ரோட்டு வேலைக்கு தினக்கூலியா போனது அவளோட அப்பா அம்மாவே. இத படிச்ச அன்னைக்கு எனக்கு வேற வேலையே ஓடல. ஒரு ஊருக்கு ரோடு வரணும்னா ஒரு பொண்ணு நாட்டுக்கு கேப்டன் ஆகணுமா?

பங்களாதேஷ் எப்படி இவ்வளவு கம்மி வருஷத்துல மேல வந்தாங்கன்னு பாத்தா பெரிய ரகசியம் இல்ல. டாக்கா மோதிஜீல்ல இருக்கிற ஃபுட்பால் ஃபெடரேஷன் கட்டிடத்துலயே பொண்ணுங்கள தங்க வச்சு வருஷம் முழுக்க பயிற்சி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. வசதி ரொம்ப கம்மின்னு அந்த ஊர் பத்திரிகைங்களே நிறைய எழுதியிருக்கு. ஆனாலும் வருஷக்கணக்கா ஒண்ணா ஆடுறவங்களுக்கு ஒருத்தி எங்க ஓடுவான்னு இன்னொருத்திக்கு பாக்காமலே தெரியும். மலைப்பக்கத்துல காக்ராச்சரி, ரங்கமாட்டில இருந்து ரிது போர்ணா சக்மா, மோனிகா சக்மா, ஆனாய் மோகினி மாதிரி பொண்ணுங்களும் இப்படி வந்தவங்க தான். அந்த 2021 ஃபைனல் 1-0 கோல், அது ஆனாய் அடிச்சது. இதெல்லாம் சுலபமா நடக்கல. 2025 ஜனவரில கூட ஜாய்பூர்ஹாட்லயும் தினாஜ்பூர்லயும் பொண்ணுங்க ஃபுட்பால் ஆடக்கூடாதுன்னு கும்பலா வந்து தகராறு பண்ணி, மேட்ச் நின்னு போச்சு. நடுவுல சீனியர் டீம்ல 18 பேர் கோச் பீட்டர் பட்லர் கீழ ஆட மாட்டோம்னு ஒதுங்கி நின்னாங்க. அப்போ சின்ன வயசு டீம்ல இருந்து தான் ஆள் எடுத்தாங்க, டாக்கால டாஸ் பாத்து திகைச்சு நின்ன அந்த அஃபெய்தா தான் சீனியர் கேப்டன் ஆனா. அவ கேப்டன்சில 2025 ஜூலைல மியான்மர அவங்க ஊர்லயே 2-1 ஜெயிச்சு, ரெண்டு கோலும் ரிது போர்ணா, பங்களாதேஷ் முதல் தடவையா ஆசியக் கோப்பைக்கு தகுதி பெற்றாங்க. இத படிக்கும்போது எனக்கு இந்தியா பங்களாதேஷ்ங்கிற நினைப்பே வரல, நம்ம வீட்டு பொண்ணு மாதிரி தான் சந்தோஷமா இருந்துச்சு.

டாஸ் மேட்ச் முடிஞ்சு ஒரே மாசத்துல, 2024 மார்ச்ல, நேபாளத்துல 16 வயசுக்குட்பட்டவங்க ஃபைனல், மறுபடி இதே ரெண்டு நாடு, மறுபடி 1-1, மறுபடி பெனால்டி. இந்த தடவை ஒழுங்கா கடைசி வரைக்கும் நடத்தினாங்க, பங்களாதேஷ் கீப்பர் இயர்ஜான் பேகம் தடுத்து தடுத்து 3-2ன்னு ஜெயிச்சு கொடுத்தா. தோத்தது நாம தான், ஆனா அந்த முடிவுல யாருக்கும் ஒரு கேள்வியும் இல்ல பாருங்க, ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான்.

சாகரிகாவ ஞாபகம் வச்சுக்க சொன்னேன்ல. 2025 ஜூலை, டாக்கா பசுந்தரா கிங்ஸ் அரீனா, 20 வயசுக்குட்பட்ட சாஃப். நேபாளம் மேட்ச்ல ரெட் கார்டு வாங்கி சில மேட்ச் தடை. தடை முடிஞ்சு வந்தது கடைசி மேட்ச், அதுவும் அதே நேபாளம், அதுல யார் சாம்பியன்னு முடிவாகணும். 4-0, நாலும் அவ கோல். டீக்கடைல டிவி முன்னாடி அப்பா உக்காந்திருந்தாரான்னு எனக்கு தெரியாது, இருந்திருக்கணும்னு ஆசை.

அந்த போட்டில இந்தியா இல்ல. டாக்கா பக்கம் போகவே இல்ல, நாலு டீம் தான், அதுல இலங்கையும் இருந்தாங்க, முதல் மேட்ச்லயே பங்களாதேஷ்கிட்ட 9-1ன்னு தோத்தாங்க. 2021ல அதே பங்களாதேஷ்கிட்ட 12-0. இலங்கை பொண்ணுங்களுக்கு திறமை இல்லன்னு யாரும் சொல்லாதீங்க, தெல்லிப்பழை மகாஜனா கல்லூரி பொண்ணுங்க யாழ்ப்பாணத்துல இருந்து போய் அகில இலங்கை கோப்பையே ஜெயிச்சிருக்காங்க. ஸ்கூல் முடிஞ்ச பிறகு ஆட மேட்ச் இல்லன்னா என்ன பண்ணுவாங்க. பங்களாதேஷ் மாதிரி வருஷம் முழுக்க ஆட வைக்க யாரும் இல்ல.

இந்தியா அந்த சமயம் வேற பக்கம் தயாராகிட்டு இருந்தாங்க, அத குறை சொல்ல மாட்டேன். அடுத்த மாசமே யாங்கோன்ல மியான்மர 1-0 ஜெயிச்சு, பூஜா அடிச்ச கோல், 20 வருஷத்துக்கு அப்புறம் 20 வயசுக்குட்பட்ட ஆசியக் கோப்பைக்கு தகுதி பெற்றாங்க. டாக்கா ஃபைனல் ஆடின சில பேர் இந்த டீம்லயும் இருந்தாங்க. அதே தகுதிச் சுற்றுல பங்களாதேஷும் உள்ள வந்தாங்க, தென் கொரியாகிட்ட 6-1 வாங்கினாலும் மத்த ரெண்டு மேட்ச்ல அடிச்ச கோல் காப்பாத்திருச்சு. தெற்காசியால இருந்து ரெண்டு டீம், போட்டிக்கு இடம் தாய்லாந்து, 2026. அக்டோபர்ல கிர்கிஸ்தான்ல உஸ்பெகிஸ்தான 2-1 ஜெயிச்சு நம்ம 17 வயசு பொண்ணுங்களும் அவங்க ஆசியக் கோப்பைக்கு போயிட்டாங்க. ஜப்பான், கொரியா, சீனா எல்லாம் இருக்கிற மேடை. அந்த மேடைல பெரிய ஸ்கோர்ல தோத்தா கூட பரவால்ல, அதுக்காக "இதுக்குத்தான் போனீங்களா"ன்னு கமெண்ட் போட வந்துடாதீங்க.

அதனால தான் வருஷா வருஷம் ஏழு நாடும் கட்டாயம் ஆடணும்னு சாஃப் விதியே போடணும்னு எனக்கு ஆசை. பாகிஸ்தான் 2018ல வந்து பங்களாதேஷ்கிட்ட 14-0 வாங்கிட்டு போனாங்க, அதுக்கு மருந்து வீட்ல உக்காருறது இல்ல, அடுத்த வருஷம் திரும்ப வர்றது. கூடவே ஒவ்வொரு ஃபைனலுக்கும் விதி தெரிஞ்ச ரெண்டு ஆள் கிரவுண்டுல இருக்கணும், செலவு ஒண்ணும் பெருசா ஆகாது. இந்த மேட்ச் பெரும்பாலும் யூட்யூப்ல தான் ஓடும், டிவில தேடாதீங்க. அடுத்த சாஃப் போட்டி ஆரம்பிக்கும்போது லிங்க் இங்கயே போடுறேன், இந்தியா மேட்ச் மட்டும் பாக்காம நேபாளம் பூட்டான் மேட்ச்சும் ஒண்ணு ரெண்டு பாருங்க, பிடிச்ச ஆள் பேர கீழ எழுதுங்க, பேசலாம்.